1859 ஐ வாரம் வாரமாக வாசிக்க ஒரு தளம்: ஒரு பழைய கம்பொசிற்றரின் கருத்து

பழைய பத்திரிகைகளைக் காட்டும் இணையத் தளங்கள் நிறைய இருக்கின்றன. பலதில் இரண்டு பக்கம் பார்ப்பதற்குள் வங்கி அட்டை இலக்கம் கேட்டுவிடுவார்கள். வேல்ஸ் தேசிய நூலகம் நடத்தும் ‘வெல்ஷ் நியூஸ்பேப்பர்ஸ் ஒன்லைன்’ அப்படிக் கேட்பதில்லை. 1804 முதல் 1919 வரை வேல்ஸில் வந்த பத்திரிகைகள், பதினொரு லட்சம் பக்கங்களுக்கு மேல், முழுக்க இலவசம். நான் அதில் 1859 ஆம் ஆண்டை ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை ஒரு வாசகன் வாங்கி வாசிப்பதுபோல வாசித்தேன். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இந்த வேலை எதுக்கு என்று வீட்டிலேயே கேட்டார்கள்.

காரணம் பேத்திதான். மகள் குடும்பம் கார்டிஃபில் இருக்கிறது. அங்கே பள்ளிக்கூடத்தில் விக்டோரியா ராணி காலத்து வேல்ஸில் ஒரு வருடம் எப்படிப் போயிருக்கும் என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். “அம்மப்பா, நீங்கள் பேப்பரில் வேலை செய்த ஆள்தானே, பழைய பேப்பர் எப்படி வாசிக்கிறது என்று சொல்லித் தாங்கோ” என்றாள். நான் ஈய எழுத்துக் கோத்துக் கை கறுத்துப்போன ஆள். சரி பிள்ளை என்று உட்கார்ந்தேன்.

தளத்தில் நுழைந்ததும் ஒரு தேடல் பெட்டி இருக்கும். எல்லோரும் அதில்தான் கை வைப்பார்கள். என் ஆலோசனை, முதலில் அதைத் தொடாதீர்கள். தேடினால் தேடியது மட்டும்தான் கிடைக்கும். “சுரங்க விபத்து” என்று தேடுபவருக்கு வேல்ஸ் முழுக்க விபத்தாகவே தெரியும். “சத்தியவேதம்” என்று தேடுபவருக்கு வேல்ஸ் முழுக்க ஜெபக் கூட்டம். பத்திரிகையின் பெயரைத் தெரிவு செய்து, ஆண்டைத் தெரிவு செய்து, ஒரு இதழைத் திறந்து, முதல் பக்கத்தின் இடது மூலையிலிருந்து வாசிக்கத் தொடங்குங்கள். ஜனவரி இதழை வாசிக்கும்போது ஒக்டோபரில் என்ன வரப்போகிறது என்று அந்தப் பத்திரிகைக்கும் தெரியாது. வரலாற்றுப் புத்தகம் இந்தச் சுகத்தைத் தராது. அதில் எல்லாம் முடிந்த கதை.

1859 ஐத் தெரிவு செய்ததற்குக் காரணம் உண்டு. பிரித்தானியாவில் பத்திரிகைக்கு இருந்த முத்திரை வரி 1855 இல் நீங்கியது. அதன் பிறகு சின்ன ஊர்களில்கூட அச்சகக்காரர்கள் பத்திரிகை தொடங்கினார்கள். வெல்ஷ் மொழியில் மிகச் செல்வாக்காக இருந்த ‘பானெர் அக் அம்செராய் கம்ரி’, இரண்டு பத்திரிகைகள் சேர்ந்து 1859 இல்தான் அந்தப் பெயரைப் பெற்றது. டென்பியில் தாமஸ் ஜீ என்பவரின் அச்சகத்தில் வந்தது. ஆங்கிலத்தில் ஸ்வான்சீயின் ‘த கேம்பிரியன்’ 1804 இலிருந்தே வந்துகொண்டிருந்தது. வேல்ஸின் முதல் ஆங்கில வாரப் பத்திரிகை அது. நான் ‘கேம்பிரியன்’, ‘மன்மத்ஷயர் மெர்லின்’, ‘கார்டிஃப் அண்ட் மெர்தர் கார்டியன்’ மூன்றையும் மாறி மாறி வாசித்தேன். வெல்ஷ் பத்திரிகைகளுக்கு மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துச் சமாளித்தேன். விளங்கிய மட்டும் லாபம்.

முதல் பக்கத்தில் செய்தி இருக்காது. அந்தக் காலத்து வழக்கம் அது, முழுக்க விளம்பரம். ஸ்வான்சீ பத்திரிகை என்றால் கப்பல் விளம்பரம். சிலியிலிருந்தும் கியூபாவிலிருந்தும் செம்புத் தாது வரும், இங்கிருந்து நிலக்கரி போகும். உலகத்தின் செம்பில் பெரும் பங்கை உருக்கியது அந்த ஊர்தான். சிலிக் கப்பல்கள் தென்னமெரிக்காவின் கடைசி முனையைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். பக்கத்திலேயே மெல்பேர்ண் போகும் கப்பல், நியூயோர்க் போகும் கப்பல். அதற்குக் கீழே ஹொலோவே மாத்திரை. ஈரல், வயிறு, புண், காய்ச்சல், எல்லாவற்றுக்கும் அதே மாத்திரைதான். அந்த விளம்பரம் வாரக்கணக்கில் ஒரு புள்ளிகூட மாறாமல் வருகிறது. எழுத்தைக் கலைக்காமல் நூலால் கட்டி ஒரு மூலையில் வைத்திருந்து, வியாழன் இரவு அப்படியே தூக்கிச் சட்டத்தில் ஏற்றும் வேலை அது. நாங்களும் தையல் மெசின் விளம்பரத்தை அப்படித்தான் வருடக்கணக்கில் வைத்திருந்தோம்.

உள்பக்கத்தில் சந்தை விலை. கோதுமை, வாற்கோதுமை, வெண்ணெய், பன்றி, மாடு. சுன்னாகம் சந்தை வெங்காய விலையைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதை வாசிக்கும் ஆக்களுக்கு இந்தப் பகுதி உடனே பிடிக்கும். இதை வாரம் வாரமாகத் தொடர்ந்தால், மழை வந்தது, வைக்கோல் நனைந்தது, விலை ஏறியது என்று யாரும் சொல்லாமலே விளங்கிவிடும்.

நீதிமன்றச் செய்திகள் இன்னொரு சுரங்கம். சாட்சிக்கு வெல்ஷ் மட்டும்தான் தெரியும், நீதிமன்றம் நடப்பது ஆங்கிலத்தில், நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். நம்முடைய நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பு முதலியார் நின்ற காலத்தைக் கேள்விப்பட்டவர்களுக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம். 1846 இல் பள்ளிக்கூடங்களைப் பார்க்க லண்டனிலிருந்து அனுப்பிய மூன்று ஆணையாளர்களுக்கும் வெல்ஷ் தெரியாது. அவர்கள் திரும்பிப் போய், இந்தச் சனம் படிப்பிலும் ஒழுக்கத்திலும் பின்தங்கியது, அதற்கு மொழியும் அவர்களுடைய சபைகளும் காரணம் என்று எழுதினார்கள். நீல அட்டை போட்ட அறிக்கை, 1847 இல் வந்தது. பன்னிரண்டு வருடம் கழிந்தும் அந்த எரிச்சல் 1859 பத்திரிகைகளில் அணையவில்லை.

இங்கே ஒரு குறையைச் சொல்லவேண்டும், அது தளத்தின் குறையல்ல, பத்திரிகைகளின் குறை. ஆங்கிலப் பத்திரிகை மட்டும் வாசித்தால் வெல்ஷ்காரர் குற்றவாளிக் கூட்டிலும், விபத்துப் பட்டியலிலும், கூலி கேட்கும் கூட்டத்திலும்தான் தெரிவார்கள். நிலக்காரரின் விருந்து மட்டும் அரைப் பத்தி வரும். ‘பானெர்’ பக்கம் போனால்தான் அதே ஆக்கள் சபையில் பிரசங்கம் கேட்கிறார்கள், கவிதை எழுதுகிறார்கள், மெட்டுக் கற்கிறார்கள். ஒரே ஊர், ஒரே வாரம், இரண்டு உலகம். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்க முடிவதுதான் இந்தத் தளத்தின் பெரிய பலம் என்பேன்.

வருடம் எப்படிப் போகிறது என்பதற்கு வருவோம். புத்தாண்டன்று பிள்ளைகள் மூன்று குச்சிக் காலில் நிற்கும் ஒரு அப்பிளை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் பாடிக் காசு வாங்குவார்கள். சில பள்ளத்தாக்குகளில் 1752 இல் மாறிய நாட்காட்டியை ஒப்புக்கொள்ளாமல் ஜனவரி 13 இல்தான் புத்தாண்டு. நமக்குப் பொங்கலுக்கு முதல் நாள். பெம்ப்ரோக்ஷயரின் குவாயின் பள்ளத்தாக்கில் இன்றும் அப்படித்தானாம். குருத்தோலை ஞாயிறன்று கல்லறைகளுக்கு வெள்ளை அடித்துப் பூ வைப்பது, பெந்தெகொஸ்து நாட்களில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வலம், மே மாதத்திலும் நவம்பரிலும் பண்ணை வேலைக்கு ஆள் பிடிக்கும் சந்தை, இப்படியே போகும். இதில் பலதைப் பத்திரிகை விளக்கிச் சொல்லாது. ஊருக்குத் தெரிந்ததை எந்தப் பத்திரிகைக்காரன் விளக்குவான்? ஒரு வரியில் போகும் குறிப்பைப் பிடித்துக்கொண்டு நீங்கள்தான் வேறு இடத்தில் தேடவேண்டும். கிறிஸ்மஸ் விடியற்காலை மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில், மெழுகுதிரி வெளிச்சத்தில், வாத்தியம் இல்லாமல் குடும்பம் குடும்பமாக எழுந்து பாடும் ‘பிளைகைன்’ வழிபாடு பற்றி அறிந்தபோது, மார்கழிக் குளிரில் சங்கும் சேமக்கலமுமாகத் திருவெம்பாவை பாடிக்கொண்டு எங்கள் ஒழுங்கையால் போனவர்கள்தான் கண்ணுக்கு முன் வந்தார்கள்.

அந்த வருடம் சபைகளில் பெரிய எழுப்புதல், பக்தி மறுபடி பொங்கியெழும் இயக்கம். அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஹம்ப்ரி ஜோன்ஸ் என்ற இளம் பிரசங்கியார் 1858 இல் கார்டிகன்ஷயரில் தொடங்கியதை, தச்சு வேலை செய்த டாவித் மோர்கன் நாடு முழுக்கக் கொண்டுபோனார். அதே 1859 இல் அபெர்டேரில் பெத்தானியா என்ற சபையில், நாலு குரலில் சனம் சேர்ந்து பாடப் பழகும் முதல் கீதத் திருவிழா நடந்தது. ஜோன் ராபர்ட்ஸ் என்பவர் அதே ஆண்டு வெளியிட்ட மெட்டுப் புத்தகம்தான் அதற்கு அடிப்படை. வேல்ஸ் என்றால் பாட்டு என்று இன்று உலகம் சொல்லுகிறதே, அதன் பெரிய பங்கு இந்தக் கரியில் கறுத்த ஊர்களில் உருவானது. 1856 இல் சிம்மர் சுரங்க வெடிப்பில் 114 ஆண்களும் சிறுவர்களும் செத்தார்கள். 1860 டிசம்பரில் ரிஸ்காவில் 140 பேருக்கு மேல். 1859 இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சாயங்காலம் மெட்டுப் பழகியவர்கள் விடிய எங்கே இறங்கினார்கள் என்பதை நினைத்துக்கொண்டுதான் அந்தக் கூட்ட அறிவித்தல்களை வாசிக்கவேண்டும்.

வசந்தத்தில் பொதுத் தேர்தல். இரகசிய வாக்கு 1872 இல்தான் வந்தது. 1859 இல் வாக்கை எல்லோர் முன்னாலும் சொல்லவேண்டும், நிலக்காரரின் ஆள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். மெரியோனெத் தொகுதியில் சொன்னபடி வாக்களிக்காத குத்தகைக்காரர்களைப் பாலா என்ற ஊருக்குப் பக்கத்து ரிவ்லாஸ் பண்ணை போன்ற இடங்களிலிருந்து எழுப்பினார்கள். அப்படி வெளியேற்றப்பட்டவர்களில் மைக்கேல் டி. ஜோன்ஸ் என்ற பாதிரியாரின் தாயும் ஒருவர். ஆறு வருடம் கழித்து, வெல்ஷ் பேசிக்கொண்டு யாருக்கும் குனியாமல் வாழ ஒரு இடம் வேண்டும் என்று தென்னமெரிக்காவின் தெற்கில் உள்ள படகோனியாவுக்குச் சனத்தைக் கப்பலேற்றிய திட்டத்தின் மூளை அந்த மகன்தான். புலம்பெயர்ந்த ஊர்க்காரர் நாங்கள். வளவைப் பறிகொடுத்த ஒரு குடும்பத்திலிருந்து ஒரு கப்பல் எப்படிப் புறப்படும் என்று எங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

கோடையை வேகமாகத் தாண்டினேன். இத்தாலியில் யுத்தம், பிரெஞ்சுக்காரன் வந்துவிடுவான் என்ற பயம், ஊருக்கு ஊர் தொண்டர் துப்பாக்கிப் படை. செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு பெரிய சூரியப் புயல், இரவு வானம் நிறம் மாறி எரிந்தது.

பிறகு ஒக்டோபர் கடைசி. ‘ரோயல் சார்ட்டர்’ என்ற நீராவிப் பாய்க்கப்பல் ஓகஸ்ட் 26 மெல்பேர்ணிலிருந்து புறப்பட்டு லிவர்பூலுக்கு வந்துகொண்டிருந்தது. வேல்ஸின் எல்லையிலேயே, டீ ஆற்றங்கரையில் கட்டிய கப்பல். அவுஸ்திரேலியாவில் தங்கம் தோண்டிச் சேர்த்துக்கொண்டு வீடு திரும்பிய சனம் அதில். ஒக்டோபர் 25 இரவு புயல் பிடித்தது. நங்கூரச் சங்கிலி அறுந்தது. 26 விடியற்காலையில் ஆங்கிள்சீ தீவில் மொயல்வ்ரே ஊருக்குப் பக்கத்துப் பாறையில் மோதிப் பிளந்தது. 450 பேரளவில் இறந்தார்கள். தப்பிய நாற்பது பேரளவிலும் பெண்ணும் இல்லை, பிள்ளையும் இல்லை. மோல்ட்டா மாலுமி ஜோசப் ரோஜர்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டு நீந்திக் கரை சேர்ந்ததால் வந்த உயிர்களும் அதில் உண்டு. லிவர்பூல் போய்ச் சேர இன்னும் சில மணித்தியாலம்தான் இருந்தது.

இந்த விபத்தை எந்த நூலிலும் ஒரு பத்தியில் முடித்துவிடலாம். வாரப் பத்திரிகையில் அது முடியாது. முதலில் அரைகுறைச் செய்தி. பிறகு எண்ணிக்கை ஏறுகிறது. பிறகு பெயர்கள். பிறகு மரண விசாரணை, தங்கம் மீட்பு, ஊராருக்குத் தங்கம் கிடைத்தது என்ற கதை. பக்கத்துக் கிராமமான லானால்கோவின் பாதிரியார் ஸ்டீபன் ரூஸ் ஹியூஸ் தன் தேவாலயத்தையே சடலம் வைக்கும் இடமாக்கினார். உடுப்பு, அடையாளம், பையில் இருந்த பொருள் எல்லாவற்றையும் குறித்து, உறவினர்களுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் எழுதினார். 1862 இல் அவரும் இறந்தார், அந்த வேலைதான் அவரைத் தின்றது என்று சொல்வார்கள். காணாமல் போனவர்களின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் தாய்மாரைத் தினம் பார்க்கும் ஊரிலிருந்து நான் இதை வாசித்தேன். அந்தப் பகுதியில் ஒரு நாளைக்கு ஒரு இதழுக்கு மேல் என்னால் போக முடியவில்லை.

துறைமுகங்களுக்குத் தந்தியில் புயல் எச்சரிக்கை அனுப்பும் முறை 1861 இல் பிரித்தானியாவில் தொடங்கியது. அதற்கு இந்தப் புயல் கொடுத்த அதிர்ச்சி முக்கிய காரணம். 1964 ஆம் ஆண்டுப் புயலைக் கண்ட எங்கள் கரையோரச் சனத்துக்கு இந்தத் தகவல் சும்மா தகவல் அல்ல.

இனித் தளத்தின் பாவனை பற்றி. செய்தி, விளம்பரம், குடும்ப அறிவித்தல் என்று வகை பிரித்திருக்கிறார்கள், மொழியாலும் ஆண்டாலும் வடிகட்டலாம். குடும்ப அறிவித்தல் பகுதி நம் பத்திரிகைகளின் மரண அறிவித்தல் பக்கத்துக்குச் சளைத்ததல்ல. ஆனால் தேடும்போது கவனம். வேல்ஸில் ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ், எவன்ஸ் என்ற நாலைந்து பெயருக்குள்தான் பாதி நாடு. “ஜோன் ஜோன்ஸ்” என்று போட்டால் கடலில் விழுவீர்கள். பண்ணையின் அல்லது ஊரின் பெயரைச் சேர்த்துப் போடுங்கள். பக்கத்தின் படத்தோடு இயந்திரம் படித்த எழுத்தும் வரும். பழைய அச்சில் மை பரவி, எழுத்து தேய்ந்திருக்கும் இடத்தில் எந்த இயந்திரமும் தடுமாறும். ஆகவே சந்தேகம் வந்தால் படத்தைப் பெருப்பித்துப் பாருங்கள், அதுதான் மூலப் பிரதி. ஒரு பெயரை ஐந்தாறு விதமாக எழுத்துக் கூட்டித் தேடிப் பார்ப்பதும் பலன் தரும்.

போனில் வாசிக்க வேண்டாம். அகலப் பத்திரிகையின் ஆறேழு பத்தியை உள்ளங்கைக்குள் அடக்க முடியாது, கண்தான் போகும். மடிக்கணினி நல்லது. பக்கங்கள் பெரிய படங்கள், டேட்டா குடிக்கும். என் இணைய இணைப்புக் கொம்பனிக்கு, பெயர் வேண்டாம், மழை பெய்தால் தடிமன் பிடிக்கும், ஒரு பக்கம் பாதியில் நின்றுகொண்டிருக்கும். பின்னேரத்தை விட விடியச் சாமத்தில் வேகம் பரவாயில்லை.

ஒரு விஷயம் மனதை அரித்தது. 1841 இல் மானிப்பாய் அச்சகத்திலிருந்து ‘உதயதாரகை’ வந்த ஊர் இது. ‘பானெர்’ வருவதற்கு பதினெட்டு வருடம் முன்பு. பத்திரிகையில் நாங்கள் பின்தங்கி நின்ற ஆக்கள் அல்ல. ஆனால் நான் வேலை செய்த அச்சகத்தின் கட்டி வைத்த பழைய கோவைகள் 1995 இடப்பெயர்வோடு போயின. திரும்பி வந்தபோது அலுமாரி மட்டும் நின்றது. என் பேத்தி ஒருநாள் யாழ்ப்பாணத்தின் ஒரு வருடத்தை இப்படி வாரம் வாரமாக வாசிக்கக் கேட்டால் எதைத் திறந்து காட்டுவது? வீட்டில் பழைய பத்திரிகைக் கட்டு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கச்சான் சுற்றக் கொடுக்காதீர்கள். ஸ்கேன் செய்து ‘நூலகம்’ என்ற இணைய நூலகத் திட்டத்துக்குக் கொடுங்கள்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். 1919 ஓடு நின்றுவிடுவதற்கு அரைப் புள்ளி குறைத்தேன், அந்தக் குடும்பங்கள் எல்லாம் அதற்குப் பிறகு என்ன ஆனார்கள் என்று அறிய ஆசையாக இருக்கிறது. அவசரமாக ஒரு பெயரைத் தேடி எடுத்துப் போகிறவர்களுக்கும் தளம் உதவும், ஆனால் ஆறுதலாக இருப்பவருக்குத்தான் இது தன்னைக் காட்டும்.

அடுத்ததாக 1865 ஐத் தொடங்கியிருக்கிறேன். மே 28 லிவர்பூலிலிருந்து ‘மிமோசா’ கப்பல் நூற்றைம்பது பேரளவில் ஏற்றிக்கொண்டு படகோனியாவுக்குப் புறப்பட்ட வருடம் அது. பேத்தியும் கூட வாசிக்கிறாள். அரசியல் எனக்காம், கல்யாண அறிவித்தல்களும் மாத்திரை விளம்பரங்களும் அவளுக்காம்.